சைதூன் அக்காவின் பதினாலு நோன்பு

சதுரங்கப்பட்டினத்தில் அந்த வருடங்களில், மாதவிலக்கால் விட்டுப்போன ரம்ஜான் நோன்புகளைப் பெருநாளுக்குப் பிறகு வீட்டுப் பெண்கள் நாங்கள் இருவரும் சேர்ந்தே வைப்போம். எனக்கு ஆறு நாள். என் கணவரின் அக்கா சைதூனுக்குப் பதினாலு.

"எனுக்கு மட்டும் ஒன்னர ரம்ஜான் கீதுடி" என்று சிரிப்பார். கிணற்றடியில் துணி அலசிவிட்டு அவர் மூச்சு வாங்க உட்காருவதையும், நகங்கள் வெளுத்திருப்பதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

எழுபத்து நாலாம் வருஷம் நடக்கவே முடியாமல் போனதும் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். மாதவிலக்கு எத்தனை நாள் போகிறது என்று டாக்டரம்மா கேட்டார்.

"எல்லாருக்கும் போலத்தாம்மா" என்றார் அக்கா, தரையைப் பார்த்தபடி.

டாக்டரம்மா சத்து மாத்திரை எழுதப் போனார். அந்நியர் முன் வாய் திறக்காத நான், "இல்லம்மா, போன ரம்ஜான்ல பதினாலு நோன்பு வுட்டாங்க" என்றேன்.

அவர் பேனாவை வைத்துவிட்டு அக்காவின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். கர்ப்பப்பையில் பெரிய சதைக்கட்டி, நிறையப் பெண்களுக்கு வருவதுதான், இத்தனை ரத்தம் போவது அதனால்தான் என்றார். கர்ப்பப்பையை எடுத்தார்கள்.

அடுத்த ரம்ஜானில் அக்கா முப்பது நோன்பும் வைத்தார். பெருநாளுக்குப் பிறகு நான் தனியாக நோன்பு வைத்துப் பசியோடு அடுப்படியில் நின்றேன். ரத்தம் ஏறிய விரல்களால் வடையைப் பிய்த்துத் தின்றுகொண்டே அக்கா கேட்டார்: "இன்னாடி, தொணைக்கு ஆளில்லாம பேஜாரா கீதா?"