வாழையடியில் நான் புதைத்த கிபிர் கொப்பி

அக்கா, தம்பி, என் பிள்ளைகளே, அந்தக் கொப்பியை எடுத்தது தம்பி இல்லை, அப்பா நான்தான் என்று உங்கள் இருவருக்கும் இப்போது தெரியும். ஆனால் ஏன் எடுத்தேன் என்பதை அன்று என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. வாயைத் திறந்தால் கோபம்தான் வந்தது. நான் எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன். என்றாலும் எழுதும்போது கொஞ்சம் நிதானம் வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

அந்தக் கிழமை தொடக்கத்தில் அக்கா கைத்தொலைபேசியில் ஒரு காணொளி பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய கிபிர் போர் விமானங்களை விமானப்படை ஆட்கள் திரும்பத் திருத்திப் பறக்க விடுகிறார்களாம். உடம்பும் எஞ்சினும் பழையவை. உள்ளே வயர் எல்லாம் புதிது, ஓட்டுகிறவனுக்கு முன்னால் புதுத் திரை, மூக்குக்குள் தூரத்தில் இருப்பதைக் காட்டும் புதுக் கருவி. தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, சோக்காத்தான் இருக்கு. முக்கோணச் செட்டை. முன்னுக்கு ரெண்டு குட்டிச் செட்டையும் கிடக்கு" என்றான்.

அக்கா சொன்னாள்: "அந்தக் குட்டிச் செட்டையாலதான் மெதுவாப் போனாலும் விழாமல் நிக்குது. இவ்வளவு காலத்துக்குப் பிறகும் இதைக் கழிச்சு விடாமல் இருக்கிறாங்கள் எண்டால் பாரன்."

நான் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன்.

நீங்கள் கண்ட கிபிர் வேறு, நாங்கள் கண்டது வேறு. சண்டைக் காலத்தில் குண்டு போட வந்த அதை நாங்கள் வடிவு பார்த்ததில்லை. சத்தம் வருகிற இடத்தில் அது இருக்காது. சத்தத்துக்கு முன்னால் வானத்தைத் தேட வேண்டும். தேடிக் கண்டுபிடிக்கிற நேரத்துக்குள் பங்கர் குழிக்குள் இறங்கியிருக்க வேண்டும். அக்கா, உனக்கு அப்போது ஒன்றரை வயது. உன் காதைப் பொத்திக்கொண்டு நான் இறங்குவேன். என் காதைப் பொத்தக் கை மிஞ்சாது. இடது காது இன்றைக்கும் மந்தம். நீங்கள் இருவரும் இரகசியம் பேச அந்தப் பக்கமாக நிற்பது எனக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம்.

எனக்கு இயந்திரம் தெரியும். பட்டறையில் என் கைக்கு வராத உழவு இயந்திரம் தர்மபுரத்தில் குறைவு. பழைய இயந்திரத்தின் மேல் ஒருவனுக்கு ஏன் ஆசை போகாது என்பதும் தெரியும். அது எங்கே இருமும், எங்கே சூடேறும் என்று கை அறிந்திருக்கும். புதியதை அப்படி நம்ப முடியாது. அதனால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு இயந்திரத்தைச் செலவழித்துப் புதுப்பிக்கிறவன் அதை வேலைக்கு விடுவதற்குத்தான் புதுப்பிக்கிறான். சண்டை முடிந்த நாட்டில் அதற்கு என்ன வேலை? கடலைப் பார்க்கவாம், பயிற்சிக்காம் என்று காணொளியில் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் பழையதுக்குப் புதுக் கண் பூட்டுகிறார்கள் என்றால், எதையோ பார்ப்பதற்குத்தானே?

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். அம்மா கோயிலுக்குப் போயிருந்தா. நீங்கள் இருவரும் பள்ளிக்கூடத்தில். மேசையில் அக்காவின் பெரிய கொப்பி திறந்து கிடந்தது. பக்கம் முழுக்கக் கிபிர். மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், முன்னால் ஒரு படம். கோடு போட்டு அளவுகள். மூக்கை மட்டும் தனியாகப் பெரிதாக்கி, உள்ளே இருக்கும் கருவிக்கு அம்புக்குறி. ஓரத்தில் சிங்கள எழுத்தில் ஒரு பெயர், அதற்குக் கீழே ஒரு தொலைபேசி இலக்கம்.

சோற்றை மூடி வைத்தேன். அளவு போட்ட விமானப் படம் ஒரு தமிழ் வீட்டில் கிடந்தால் ஒரு காலத்தில் என்ன கேள்வி வரும் என்று உங்களுக்குத் தெரியாது. இராணுவமோ இயக்கமோ, எந்தப் பக்கத்து ஆட்கள் என்றாலும் கேட்டிருப்பார்கள். யாருடைய நம்பர் இது, பிள்ளையோடு என்ன கதை, படத்தை யார் கேட்டது என்று என் தலைக்குள் நானே விசாரணை நடத்திக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து வாசல் படலையடியில் மோட்டார் சைக்கிள் நின்றது. இரண்டு பேர். அயன் பண்ணிய சேட்டு, கையில் பைல்.

"ஐயா, வீட்டில எத்தனை பேர்?"

"நாலு பேர்."

"பிள்ளையள் படிக்கினமோ?"

"ஓம்."

"தண்ணி கிணத்துத் தண்ணியோ?"

"ஓம், ஏன்?"

"இப்ப அவசரமாப் போறம். நாளைக்கு வாறம் ஐயா, எல்லாரும் நிக்கேக்குள்ள கதைப்பம்." பைலில் எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

எல்லாரும் நிற்கும்போது. அந்த வார்த்தைதான் என்னை ஆட்டிவிட்டது. நான் உள்ளே போய்க் கொப்பியை எடுத்தேன். எரிக்க மனம் வரவில்லை, பிள்ளையின் கையெழுத்து. ஆகவே எங்கள் ஆட்களின் கை என்ன செய்யுமோ அதையே என் கையும் செய்தது. மண்வெட்டியை எடுத்தேன்.

இது உங்களுக்குப் புதினமாக இருக்கும். இடம்பெயரும்போது நாங்கள் எல்லாரும் புதைத்தோம். கலியாணப் படம், காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், யார் கண்டாலும் பிழை பிடிக்கக்கூடிய எதுவும். அதற்கு ஒரு முறை இருந்தது. முதலில் பொலித்தீன், பிறகு யூரியாப் பை, பிறகு பிஸ்கட் தகரம், மூடிக்கு மெழுகு, கறையானுக்குச் சாம்பல். இத்தனை செய்தும், திரும்பி வந்தபோது அடையாளத்துக்கு வைத்த பாலை மரமே அந்த இடத்தில் இல்லை. எங்கள் கலியாணப் படம் இன்னும் அந்த மண்ணில்தான் எங்கோ கிடக்கிறது.

அன்று ஒன்றும் முறையாகச் செய்யவில்லை. கடைப் பை ஒன்றில் சுற்றி, வாழையடியில் ஒரு முழம் தோண்டி மூடிவிட்டேன். மேலே சருகு போட்டேன். கையைக் கழுவிக்கொண்டு பட்டறைக்குப் போனேன்.

பின்னேரம் வீடு இரண்டுபட்டுக் கிடந்தது.

"டேய், என்ரை கொப்பியை எங்கை வைச்சனி?"

"நான் எடுக்கேல்லை அக்கா!"

"பொய் சொல்லாதை. படம் பாக்கிறன் எண்டு நேற்றும் தூக்கினனி. திங்கக்கிழமை பள்ளிக்கூடத்தில குடுக்கோணும். ரெண்டு மாத வேலையடா. ரீச்சர் பிந்தி வாங்கமாட்டா."

"சத்தியமா எடுக்கேல்லை. அப்பா, சொல்லுங்கோவன்!"

தம்பி என்னைப் பார்த்தான். நான் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே எண்ணெய் போட்ட சங்கிலி அது. "தேடிப் பாருங்கோ, உங்கைதான் கிடக்கும்" என்றேன். அம்மா தம்பியின் காதைத் திருகினா. அவன் அழவில்லை. ஆனால் அன்று அவன் என்னோடு சாப்பிட இருக்கவில்லை. தம்பி, எனக்கு அதுதான் இன்னும் உறுத்துகிறது. உனக்காக ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை அதே மோட்டார் சைக்கிள் வந்தது. நான் அக்காவை உள்ளே போகச் சொன்னேன். அவள் போகவில்லை. இரண்டு பேரும் கதிரையில் இருந்து, பைலைத் திறந்து, ஒரு வர்ணத் தாளை என் முன்னால் விரித்தார்கள். நீல நிறத்தில் ஒரு தண்ணீர் வடிகட்டி. வன்னித் தண்ணியில் கல்சியம் கூடவாம், சிறுநீரகத்துக்குக் கூடாதாம், நாலு பேருள்ள வீட்டுக்கு இந்தச் சின்னது போதுமாம்.

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. "யோசிச்சுச் சொல்லுறன் தம்பியவை" என்று அனுப்பினேன். அவர்கள் போன பிறகும் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உண்மையில் வடிகட்டிதான் விற்கிறார்களா என்று. அடுத்த வீட்டிலும் அதே தாளை விரித்ததைக் கண்ட பிறகுதான் வாழையடிக்குப் போனேன்.

குளிக்கிற தண்ணி முழுக்க அந்தப் பக்கம்தான் ஓடும் என்பது மண்வெட்டி பிடித்தபோது என் நினைவில் இருக்கவில்லை. தோண்டிப் பையைத் தூக்க அது சொட்டியது. நிமிர்ந்தால் அக்கா பின்னால் நிற்கிறாள்.

"அப்பா, நீங்களா?"

"ஓம்."

"ஏன்?"

"அந்த நம்பர் ஆருடையது?"

அவள் முதலில் விளங்காமல் பார்த்தாள். பிறகு சொன்னாள். ரீச்சருக்குத் தெரிந்த ஒருவராம். முன்பு விமானம் திருத்துகிற வேலை, இப்போது ஓய்வு. ரீச்சரே போன் எடுத்துப் பேசி, அவர் சொன்னதைத் தமிழில் சொல்லிக் கொடுத்தாவாம்.

"இப்ப என்ன செய்யிறான்?"

"கோழி வளர்க்கிறார்."

"கோழி வளர்க்கிறவருக்கு உன்ரை படிப்பில என்ன அக்கறை?"

"அப்பா! அந்தாள் சந்தோசமாச் சொல்லித் தந்தது. ஆரும் கேக்கிறேல்லையாம்." கொப்பியை என் கையிலிருந்து பறித்தாள். "நீங்கள் ரெண்டு பக்கத்தோட நிப்பாட்டிப் போட்டியள். மிச்சத்தைப் பாத்தனீங்களோ?"

ஈரத்தாள்களைப் பிரித்துக் காட்டினாள். தலைப்பு, பழைய இயந்திரங்களைப் புதுப்பித்தல். முதல் உதாரணம் கிபிர். இரண்டாவது, எங்கள் உழவு இயந்திரம். மீளக் குடியேறியபோது எரிந்த வாகனங்களுக்குள் கிடந்ததை நான் இழுத்து வந்தது, பழைய உடம்புக்குப் புதுப் பம்பும் புது வயரும் போட்டது, உடைந்த பஸ்ஸின் சீட்டைப் பூட்டியது, எல்லாம் படமாக இருந்தது. மை கரைந்து நீலமாகப் பரவிக் கிடந்தது. ஆனாலும் தெரிந்தது.

வேறொரு தகப்பன் அந்த இடத்தில் அழுதிருப்பான். எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

"என்னையும் அதையும் ஒரே கொப்பிக்குள்ளையோ வைச்சனி?"

"ரெண்டும் மிசின்தானே அப்பா. மிசினுக்கு ஆள் தெரியாது எண்டு நீங்கள்தான் சொல்லுவியள்."

"மிசினுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

அவள் கொப்பியை மூடினாள். பிறகு, "எனக்கு நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே அப்பா. கேட்டால் எழும்பிப் போடுவியள். அப்ப நான் ஆரிட்டைக் கேக்கிறது? கோழிக்காரரிட்டைத்தான் கேக்கலாம்" என்றாள்.

தம்பியைக் கூப்பிட்டு, எடுத்தது நான்தான் என்று சொன்னேன். அவன் காதைத் தடவிக்கொண்டு, "அம்மாவுக்கும் சொல்லுங்கோ" என்றான். சொன்னேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குப் படிப்புக் காணாது.

சனி பின்னேரமும் ஞாயிறு முழுவதும் அக்கா புதுக் கொப்பியில் திரும்ப எழுதினாள். மை கரைந்த இடங்களில் கேள்வி கேட்டாள், நான் சொன்னேன். உழவு இயந்திரத்தைப் பற்றி மட்டுமல்ல. சத்தம் எங்கிருந்து வரும், விமானம் எங்கே நிற்கும், எத்தனை எண்ணுவதற்குள் குனிய வேண்டும், அதையும் சொன்னேன். அவள் அதை எழுதவில்லை. பென்சிலை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். தம்பி என் இடது பக்கத்திலிருந்து எழும்பி வலது பக்கம் வந்து இருந்தான்.

சந்தேகம் தீர்ந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. அந்தப் பழைய விமானத்துக்கு ஏன் புதுக் கண் என்று நான் இன்னும்தான் யோசிக்கிறேன். நீங்களும் யோசியுங்கோ. ஆனால் பிள்ளையின் கொப்பியைக் கடைசிப் பக்கம் வரை பார்க்காமல் மண்ணுக்குள் வைத்தது என் பிழை.

திங்கட்கிழமை நீங்கள் பஸ் ஏறிய பிறகு, நனைந்த கொப்பியைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். தைத்த நூலை வெட்டி, தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, வெயில் விழும் தகரத்தின் மேல் பரப்பினேன். காற்றுக்குப் பறக்காமல் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு இரும்பு நட்டு வைத்தேன். கிபிர் வரைந்த தாள்களுக்கு மட்டும் இரண்டு.