சிவப்பு டப்பாவில் போன பல்புகள்

பல்புப் பெட்டியைத் திறப்பதற்கு முன் சித்தி அதைக் காதருகே வைத்து மெல்ல ஆட்டிப் பார்ப்பாள். பிறகு ஒட்டியிருக்கும் டேப்பின் ஓரத்தை நகத்தால் நெருடுவாள். கடைசியாக மூக்கருகே கொண்டுபோவாள். புதுப் பெட்டிக்கு ஒரு வாசனை, பிரித்து மூடிய பெட்டிக்கு வேறு வாசனை என்பது அவள் கட்சி. "இதை எவனோ ஏற்கெனவே திறந்திருக்கான்" என்று கடைக்காரரின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவாள். பைக் உதிரிபாகக் கடைக்காரர் பொறுமைசாலி. "திறந்தது நான்தான்க்கா. போன வாரம் உங்களுக்குக் காட்டத்தான் திறந்தேன்" என்பார். சித்தி அதையும் நம்பமாட்டாள்.

அவளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. குட்டை உருவம். அவள் ஓட்டுகிற டூரிங் பைக்கோ ஒரு கன்றுக்குட்டியை விழுங்கிய மாதிரி இருக்கும். இரண்டு பக்கமும் பெட்டி, முன்னால் காற்றைத் தடுக்கும் கண்ணாடி, உட்கார்ந்தால் அவள் கால் நுனிவிரல்தான் தரையைத் தொடும். பழைய வண்டிதான். விற்றவரிடம் ஏன் விற்கிறார் என்று கேட்டாள். அவர் தேநீர் எடுக்க உள்ளே போன சமயத்தில் அவர் மனைவியிடமும் அதையே கேட்டாள். இருவருக்கும் காரணம் ஒன்றாக இருந்தது, சொன்ன விதம் வேறாக இருந்தது. உடனே வாங்கிவிட்டாள். "ஒரே பதில் வந்தா உண்மை. ஒரே வார்த்தையில வந்தா பேசி வச்சிருக்காங்க" என்பது அவள் வாழ்நாள் அனுபவம்.

நீண்ட பயணம் முடிந்து சித்தி, சித்தப்பா வீட்டுப் பின்னறையில் நான் வந்து தங்கியபோது எனக்கும் இந்தச் சோதனை நடந்தது. ஏன் திரும்பி வந்தேன் என்று முதல் நாள் தோசைக்கல்லைத் தேய்த்தபடி கேட்டாள். இரண்டு நாள் கழித்துத் துணி மடிக்கும்போது கேட்டாள். பிறகு சித்தப்பாவை அனுப்பிக் கேட்கவைத்தாள். ஒரே இடத்தில் எனக்கு இருப்புக் கொள்ளாது, கையில் இருந்தது தீர்ந்துபோனது, வந்துவிட்டேன், அவ்வளவுதான். மூன்று பதிலும் ஒத்துப்போனதில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம் என்று சித்தப்பா சொன்னார்.

சித்திக்கு மருந்துத் தொழிற்சாலையில் பார்க்கிற வேலை. உண்மையிலேயே பார்ப்பது மட்டும்தான் வேலை. ஊசி மருந்துக் குப்பிகள் வரிசையாக வரும். ஒவ்வொன்றையும் கழுத்தைப் பிடித்துச் சுழற்றி, விளக்கின் அடியில், முதலில் கறுப்புப் பலகைக்கு முன்பும் பிறகு வெள்ளைப் பலகைக்கு முன்பும் நிறுத்திப் பார்க்கவேண்டும். கறுப்பில் வெள்ளைத் தூசி தெரியும், வெள்ளையில் கறுப்புத் தூசி தெரியும். சுத்தமாக இருந்தால் 'போகும்'. இல்லையென்றால் 'போகாது', பக்கத்தில் இருக்கும் சிவப்பு டப்பாவுக்குள் விழும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அதைச் சம்பளம் கொடுத்துச் செய்யச் சொல்லும் இடம். மற்ற இருவர் பார்த்து அனுப்பிய ஒரு குப்பியில், முடியைவிட மெல்லிய கண்ணாடிச் சில்லு கிடந்ததைச் சித்தி ஒருமுறை கண்டுபிடித்திருக்கிறாள். அந்தக் கதையை அவள் சொல்வதில்லை. சித்தப்பாதான் சொல்வார், அவள் பக்கத்து அறையில் காதைக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது.

வீட்டிலும் ஒரு சிவப்பு டப்பா உண்டு. ஓரம் நைந்த துண்டு, கைப்பிடி ஆடும் கரண்டி, நேரம் தவறும் கடிகாரம் எல்லாம் "போகாது" என்ற ஒற்றைத் தீர்ப்போடு அதில் போய்விடும். "எங்க கல்யாணத்தப்ப இவ இந்த வேலைல சேரல. அதனாலதான் நான் தப்பிச்சேன்" என்பார் சித்தப்பா. இப்போது அந்த டப்பா நிறைய ஹெட்லைட் பல்புகள்.

மலைக்கு அப்பால் இருக்கும் ஏரிவரை போய்வருவதாக நானும் சித்தியும் திட்டம் போட்டிருந்தோம். அவள் ஓட்டுவாள், நான் பின்னால். வழி நெடுகச் சுரங்கப்பாதைகள் என்பதால் ஒத்திகைக்காக அருகில் இருக்கும் சுரங்கப்பாதை ஒன்றுக்குள் போய்ப் பார்த்தோம். வெளியே நல்ல வெயில். உள்ளே நுழைந்ததும் எதிரே ஒரு லாரியின் விளக்கு. சித்தி வேகத்தைக் குறைத்தாள், குறைத்துக்கொண்டே போய் நட்ட நடுவில் நின்றேவிட்டாள். பின்னால் வந்த கார் ஹாரனை விடாமல் அழுத்தியது. நான் பிடித்திருந்த அவள் தோள் கட்டைபோல விறைத்திருந்தது. எப்படியோ ஊர்ந்து வெளியே வந்து ஓரங்கட்டியதும் ஹெல்மெட்டைக் கழற்றி, குனிந்து முன்விளக்கைப் பார்த்தாள்.

"பல்பு போலி. ரோடே தெரியல. வெளிச்சம் பூரா புகை மாதிரி நிக்குது."

எனக்கு ரோடு தெரிந்தது. நடுவில் இருந்த வெள்ளைக்கோடு தெரிந்தது, சுவரோரம் யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்புகூடத் தெரிந்தது. அந்தப் பல்பைப் போன வருடம் கடை கடையாக ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்தவள் அவளேதான்.

எல்.இ.டி. பல்பு விஷயத்தில் சித்தி சொல்வதெல்லாம் சரியாக இருக்கும் என்பதுதான் சிக்கல். பெட்டியின்மேல் போட்டிருக்கும் வெளிச்சக் கணக்கு பாதி பொய் என்பாள். வெளிச்சம் தரும் அந்தச் சின்ன வில்லை, பழைய பல்பில் இழை இருந்த அதே இடத்தில் இருக்கவேண்டும். மாட்டிய பிறகு வில்லைகள் இடமும் வலமும் பார்க்கவேண்டும். மேலும் கீழும் பார்த்தால் வெளிச்சம் சிதறி எதிரே வருகிறவனின் கண்ணில் போய்க் குத்தும். பின்னால் சுற்றுகிற குட்டி விசிறி ரப்பர் மூடிக்குள் அடங்கவேண்டும், இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும். நீலம் பாய்ந்த வெள்ளை, நனைந்த ரோட்டில் எதையும் காட்டாது. கேட்கிறவர்கள் வாயை மூடிக்கொள்ளும் அளவுக்குத் தெளிவாகச் சொல்வாள். அதனால்தான் பல்புகள் ஒவ்வொன்றாகச் சிவப்பு டப்பாவுக்குப் போனபோது கடைக்காரரால்கூட எதுவும் பேசமுடியவில்லை. ஒருமுறை மட்டும் அவர் என்னைத் தனியாகப் பிடித்து, இதே பல்பை மாட்டிக்கொண்டு போன பால்வண்டிக்காரர் பகல் மாதிரி இருக்கிறது என்று வந்து சொன்னதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார். சித்தியிடம் சொல்லவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

சந்தேகம் ஒட்டுவாரொட்டி. அன்றிலிருந்து நானும் பார்க்கத் தொடங்கினேன். பொட்டலத்தின்மேல் இருக்கும் எழுத்தைப் படிக்கும்போது சித்தி தலையைக் கொஞ்சம் இடப்பக்கமாகத் திருப்பி, வலது கண்ணை முன்னால் கொண்டுவந்தாள். சாயங்காலமானால் மாடிப்படியில் கைப்பிடிக் கம்பியை விடுவதில்லை. எதிரே கார் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவாள். சமையலறை விளக்கு மங்கிவிட்டது என்று சண்டை பிடித்து மாற்றவைத்தாள், மாற்றியதும் மங்கல் என்றாள். சித்தப்பா சத்தமில்லாமல் இன்னும் பெரிதாக ஒன்று வாங்கிவந்து மாட்டியிருந்தார். அந்த வெளிச்சத்தில் நின்றால் குற்றவாளி மாதிரி இருக்கும்.

"உங்களுக்கும் தெரியுமா?" என்று அவரிடம் கேட்டேன்.

"ரொம்ப நாளா. ஆனா நான் சொன்னா, நான் எதுக்குச் சொல்றேன்னு அதை ஆராய ஆரம்பிச்சுடுவா" என்றார்.

நான் ஒருமுறை வாயைத் திறந்து பார்த்தேன். கண்ணை ஒரு தடவை டாக்டரிடம் காட்டினால் என்ன என்று சும்மா போகிற போக்கில் கேட்பது மாதிரிதான் கேட்டேன். சித்தி கையில் இருந்த பல்பைக் கீழே வைத்தாள்.

"என் கண்ணைப் பத்திப் பேசாதே. பல்பைப் பத்திப் பேசு."

அவளுக்குப் பயம் வேறு பக்கம் இருந்தது. தொழிற்சாலையில் வருடாவருடம் நடக்கும் கண் பரிசோதனை நெருங்கிக்கொண்டிருந்தது. அதில் தவறினால் பார்க்கும் மேசையிலிருந்து எழுப்பி, அட்டைப்பெட்டி மடிக்கும் பகுதிக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே போனவர்களைப் பற்றிச் சித்தி, இறந்தவர்களைப் பற்றிப் பேசும் குரலில் பேசுவாள். அதைவிட மோசம், சில வாரங்களாக அவள் தள்ளிய குப்பிகளை மேற்பார்வையாளர் எடுத்து வேறொருவரிடம் கொடுத்து மறுபடி பார்க்கவைத்துக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் சுத்தமாக இருந்தனவாம். தன் இடத்துக்கு அவர் தம்பி மனைவியைக் கொண்டுவரத் திட்டம் போடுகிறார் என்று சித்தி முடிவுகட்டிவிட்டாள். பல்புக் கடைக்காரரும் மேற்பார்வையாளரும் சேர்ந்து தேநீர் குடித்ததை யாராவது பார்த்திருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புதிதாக வாங்கிய பல்போடு நாங்கள் மூவரும் அடுக்குமாடியின் அடித்தளத்துக்கு இறங்கினோம். வண்டிகள் நிறுத்தும் இடம், பகலிலும் இருட்டு. எதிரே வெள்ளையடித்த வெற்றுச் சுவர். சித்தி தொழிற்சாலைக் கையுறையை மாட்டிக்கொண்டாள். விளக்கின் பின்னால் கைவிட்டு ரப்பர் மூடியை உரித்தாள், கம்பிக் கொக்கியைத் தளர்த்தினாள், பழையதை உருவிப் புதியதை உட்காரவைத்தாள். கண்ணால் பார்க்கமுடியாத இடம், விரல்தான் பார்க்கவேண்டும். பல்பின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் மூன்று காதுகளும் பள்ளத்தில் பொருந்தும் அந்த மெல்லிய 'டக்'கைக் கேட்டபின்தான் கொக்கியைப் போட்டாள். விரல்மேல் அவளுக்கு எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை.

விளக்கைப் போட்டாள். சுவரில் வெளிச்சம் விழுந்தது. மேலே இருட்டு, கீழே வெள்ளை, நடுவே கத்தியால் வெட்டியது மாதிரி ஒரு கோடு. நானும் சித்தப்பாவும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம்.

"போகாது" என்றாள் சித்தி. "மேல ஏறுது பாரு. பஞ்சு பிச்சுப் போட்ட மாதிரி."

கோடு நன்றாகத்தான் இருக்கிறது என்றேன் நான். நன்றாகத்தான் இருக்கிறது என்றார் சித்தப்பா.

அவள் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "ஒரே வார்த்தை" என்றாள். "நேத்து சமையலறைல குசுகுசுன்னு பேசினது இதுதானா? ரெண்டு பேரும் நல்லா இருக்குன்னு சொல்லி, இவளை எப்படியாவது தலையாட்ட வச்சுடலாம்னு?"

நாங்கள் பேசியது உண்மை. பேசியது பல்பைப் பற்றி இல்லை. அதைச் சொல்ல எனக்கும் தைரியம் வரவில்லை, அவருக்கும் வரவில்லை.

"சரி. தொழிற்சாலைல எப்படியோ அப்படியே செய்வோம்" என்றாள்.

அங்கே இருவர் ஒரே குப்பியை ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் பார்ப்பார்கள். பேசி வைத்துக்கொள்ள வழி கிடையாது. சித்தி வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு, இனி யாரும் அதைத் தொடக்கூடாது என்றாள். சித்தப்பாவைப் படிக்கட்டுக்குப் பின்னால் அனுப்பினாள், முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சொன்னாள். என் கையில் சுண்ணக்கட்டியைக் கொடுத்து, வெளிச்சத்தின் மேல்விளிம்பு எங்கே முடிகிறது என்று சுவரின் இடப்பக்கம் ஒரு கீறல் போடச் சொன்னாள். போட்டேன். அதன்மேல் செய்தித்தாளை ஒட்டினாள். என்னைப் படிக்கட்டுக்கு அனுப்பிவிட்டு அவரைக் கூப்பிட்டாள். வழியில் அவரை நான் கடந்தபோது, "பேசாதீங்க" என்று அவள் குரல் வந்தது. அவர் வலப்பக்கம் ஒரு கீறல் போட்டிருக்கவேண்டும். அதையும் தாள் மூடியது. கடைசியாக, நாங்கள் இருவரும் முகம் திருப்பி நிற்க, நடுவில் தன் கீறலை அவள் போட்டுக்கொண்டாள்.

"இப்ப வாங்க. குட்டு வெளிப்படப் போகுது" என்றாள். குரலில் ஒரு குஷி.

தாள்களைக் கிழித்தாள். சட்டைப்பையிலிருந்து நூல்கண்டை எடுத்து ஒரு முனையை என்னிடமும் மறு முனையை அவரிடமும் கொடுத்தாள். நான் என் கீறலில் வைத்துப் பிடித்தேன், அவர் தன் கீறலில் வைத்து இழுத்தார். நூல் விறைத்தது. வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் இடத்தின்மேல், இம்மி பிசகாமல், அது ஓடியது. சித்தியின் கீறல் நூலுக்கு ஒரு சாண் மேலே, இருட்டில், கொஞ்சம் நெளிந்து கிடந்தது.

நூலை யாரும் விடவில்லை. அடுத்த அடுக்கில் ஒரு கார்க்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நாங்கள் ஏமாற்றினோம் என்று அவள் சொல்லுவாள் எனக் காத்திருந்தேன். சொன்னால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் நூலின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்தாள், குனிந்து என் கீறலைப் பார்த்தாள், அவருடையதைப் பார்த்தாள். இரண்டுக்கும் இடையே பேசி வைத்துக்கொள்ள இடமே இல்லை என்பது வேறு யாரையும்விட அவளுக்குத்தான் தெரியும், ஏற்பாடு அவளுடையது.

பிறகு நடுவில் வந்து நின்று இடது கண்ணைக் கையுறை போட்ட உள்ளங்கையால் மூடினாள். அப்படியே சுவரைப் பார்த்தாள். கையை மெல்ல எடுத்து வலது கண்ணுக்கு மாற்றினாள். சுண்ணக்கட்டி பிடித்திருந்த மற்றக் கையை நீட்டி, சுவரில் மேலும் கீழுமாக, அந்தக் கோட்டைத் தேடினாள்.