அந்த மூஸ் ஆற்றை வெடியிலை விழுந்தது?

பேய், முனி எண்டால் சிரிக்கிற ஆள் நான். செபமாலையை விட்டால் எனக்கு வேறை நம்பிக்கை கிடையாது. உதை முதலிலேயே சொல்லிப்போடுறன், பிறகு "உவருக்கு விசர்" எண்டு நீங்கள் நினைக்கக்கூடாது.

தொண்ணூறுகளிலை, நாங்கள் கனடாவிலை, ரொறன்ரோ வெக்ஸ்போர்ட்டிலை இருக்கேக்கை நடந்தது. மனுசியின்ரை தம்பி றெஜிக்கு வேட்டை எண்டால் உயிர். மூஸ் எண்டுறது எங்கட மரைக்கு அண்ணன் மாதிரி, ஆளை விட உயரம். ஆனால் நினைச்ச உடனை சுடேலாது. குலுக்கலிலை ராக் எண்டு ஒரு சீட்டு விழவேணும், சுட்டால் விழுந்த இடத்திலேயே அதைக் கட்டவேணும், கட்டாட்டில் மிருகம் உங்கட இல்லை. வருசா வருசம் பேர் போட்டுப் போட்டு அந்த ஐப்பசியிலைதான் அவனுக்கு விழுந்தது. ரொறன்ரோவிலையிருந்து நாள் முழுக்க வடக்கை ஓடி அரசாங்கக் காட்டிலை கூடாரம் அடிச்சம். எல்லாருக்கும் பொதுவான காடு. ஆனால் பக்கத்திலை நிண்ட வெள்ளைக்காரக் கோஷ்டி, "இது எங்கட அப்பன் காலத்து இடம், வந்த வழியே போங்கோ" எண்டாங்கள். அப்பன் காலத்து இடமாம்!

காலமை வெளிச்சம் வந்தாப்போலை சதுப்புக் கரையிலை மூஸ் வந்து நிண்டுது. றெஜி வைச்சான் வெடி. அதே நேரம் அங்காலையும் ஒரு வெடி கேட்டுது. விழுந்திட்டுது. ஓடிப்போனால் ஸ்நோ எல்லாம் ரத்தம்.

மன்னாரிலை எங்கட வீட்டு ஆக்கள் செபம் சொல்லாமல் வேட்டையிலை கத்தி வைக்கிறேல்லை. நான் முழங்காலிலை நிண்டிட்டன்.

"அத்தான், முதல் ராக்கைக் கட்டுவம். மாதா கோவிக்கமாட்டா."

"பொறடா, உயிர் போன இடம். தொப்பியைக் கழட்டு."

பாவம், கழட்டினான். செபம் முடிஞ்சு கண்ணைத் திறக்கிறன், அவங்கள் கொம்பிலை தங்கட ராக்கைக் கட்டிப்போட்டு நிக்கிறாங்கள். செபம் சொல்லுற மனிசரைத் தாண்டிவந்து!

"கும்பிட வந்தனீங்களோ, சுட வந்தனீங்களோ?" எண்டு ஒருத்தன் நக்கல் விட, றெஜி அவன்ரை கொலரைப் பிடிச்சான், மற்றவன் துவக்கைத் தூக்கினான், நான் கத்தியை உருவிப்போட்டன். சத்தியமாச் சொல்லுறன், அண்டைக்கு ஒரு கொலை விழுந்திருக்கும்.

நல்லகாலம், காட்டுக்குப் பொறுப்பான ஒவ்வீசர் சத்தம் கேட்டு வந்தார். "ஏன் கத்திறியள்? இரண்டு துவக்கும் வேறை வேறை. குண்டை எடுத்தால் ஆற்றை மூஸ் எண்டு தெரியும்" எண்டார்.

தேடினம். மயிரை விலக்கி விலக்கித் தேடினம். அவங்களும் நாங்களும் ஒண்டாப் பிடிச்சுப் புரட்டி மற்றப் பக்கமும் பாத்தம். ஓட்டையே இல்லை. வாயிலை, மூக்கிலை, ஒரு இடத்திலையும் ஒரு கீறல் இல்லை. கீழை ஸ்நோவிலை மட்டும் ரத்தம், இன்னும் ஆவி பறக்குது.

ஒவ்வீசர் நிமிர்ந்து எங்களை ஒவ்வொருத்தராப் பாத்தார். மெல்லமாக் கேட்டார்: "அப்ப உங்களிலை ஆருக்குக் காயம்?"

நம்பினால் நம்புங்கோ, ஒருத்தன்ரை குரல்வளையை ஒருத்தன் கடிக்க நிண்ட ஆம்பிளையள் எல்லாரும், யாக்கெற்றைத் திறந்து தங்கட தங்கட உடம்பைத் தடவிப் பாத்தம். ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை.

மூஸை ஒவ்வீசர் ஏத்திக்கொண்டு போயிட்டார். எங்களுக்கும் இல்லை, அவங்களுக்கும் இல்லை. ஏதும் நோய் வருத்தத்திலை செத்திருக்கும் எண்டு றெஜி சொல்லுறான். சரி, அப்பிடியே வைப்பம். ரத்தம்?

அவங்களிலை உள்ள கோவம் எனக்கு இன்னும் ஆறேல்லை. ஆனால் இண்டைக்கும் சேட்டு மாத்தேக்கை என்ரை கை தன்பாட்டிலை விலாவைத் தடவித் தேடும். சிலநாள் அதிலை ஓரிடம் சூடா, ஈரமாப் படும். லைற்றைப் போட்டுப் பாத்தால் காய்ஞ்ச தோல்தான்.