ராஜகிரி அடிவாரத்தில் ஒரு பகல்

கடலை மூட்டை ஏற்றிய லாரியின் மேலிருந்து நான் விழுந்தது அறுபதுகளின் நடுவில், கல்யாணமான நாலாம் மாதம். முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. பத்து மாதம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, ஒரு சக்கர நாற்காலியோடு செஞ்சிக்கு அனுப்பினார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை.

என் மனைவி மேல்மலையனூர்க்காரி. கோட்டையை பஸ் ஜன்னலிலிருந்து பார்த்ததோடு சரி. கோட்டையிருக்கும் ராஜகிரி மலை உச்சிக்குக் கூட்டிப்போவதாகக் கல்யாணமான புதிதில் சொல்லியிருந்தேன். ஒரு பங்குனிக் காலையில் அவளே கேட்டாள்.

"கோட்டைக்குப் போலாமா?"

"நான் எங்க ஏறறது?"

"ஏற வேணாங்க. கீழயே எம்மாம் எடம் இருக்குது."

தள்ளிக்கொண்டே போனாள். கோட்டை வாசலில் கல் பாவிய தரை. முன்சக்கரம் இரண்டு கல்லுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. காவலாளியும் ஆடு மேய்க்கிற ஒருவரும் என்னை நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்தார்கள்.

"எப்பிடி உழுந்தாரு?" என்று காவலாளி அவளிடம் கேட்டார்.

"அவரையே கேளுங்க," என்றாள். அவர் கேட்கவில்லை.

கல்யாண மகாலுக்குள் போகப் படி; வெளியிலிருந்தே பார்த்தோம். நெற்களஞ்சியத்துக்கும் படி. மலைப்படிக்கட்டு தொடங்கும் இடத்தில் ஒரு மரத்தடியில் நிறுத்தினாள். அவலூர்பேட்டையிலிருந்து வந்த பெண்கள் சிலர் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"அவங்களோட போய்ப் பாத்துட்டு வா," என்றேன்.

"உங்கள உட்டுட்டு நான் இன்னாத்துக்கு ஏறணும்?"

"ஒருத்தராவது பாக்கலாம்ல. போ."

தண்ணீர்ச் செம்பை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். நீலப் புடவை முதல் வளைவில் மறைந்தது. இப்போது எந்தப் படியில் இருப்பாள் என்று கொஞ்ச நேரம் கணக்குப் போட்டேன். பிறகு அதையும் விட்டுவிட்டேன்.

வெயில் சாய்கிற நேரத்தில் முகமெல்லாம் சிவந்து இறங்கி வந்தாள். "காத்து ஆளையே தள்ளுதுங்க! உச்சிக்குக் கிட்ட ஒரு பாலம், பாலத்துல நிக்கறப்போ…" என்று ஆரம்பித்தவள் நின்றுவிட்டாள்.

என் இடது கால், நாற்காலியின் மிதிபலகையிலிருந்து நழுவிப் பாறைமேல் கிடந்தது. மர நிழல் எப்போதோ நகர்ந்துபோயிருந்தது. குதிகாலிலும் பாதத்திலும் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கொப்புளங்கள்.

"ஐயோ, வெந்துபோச்சே! தெரியலயா உங்களுக்கு?"

"தெரியல."

பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, மிச்சத் தண்ணீரை ஊற்றி ஊற்றி அழுதாள். வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாலத்துல நிக்கறப்போ இன்னா?" என்று கேட்டேன்.

அவள் முந்தானை ஓரத்தைக் கிழித்துப் பாதத்தில் சுற்றினாள்.

புண் ஆற நாலு மாதமானது. தினமும் அவள்தான் கட்டுப் போட்டாள். கோட்டையைப் பற்றி இருவரும் பேசவில்லை. அடுத்த வருடம் அவள் அக்கா ஊரிலிருந்து வந்து, மலையேறலாம் என்று கூப்பிட்டாள். மனைவி என்னைப் பார்த்தாள்.

"போய்ட்டு வா," என்றேன்.

மத்தியானம் திரும்பி வந்து, "மேல ஒரே மேகம். ஒண்ணும் சரியா தெரியல," என்றாள்.

வாசலில் நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நான் சரி என்றேன்.