கதைப் புத்தகத்துக் கன்னியாஸ்திரி

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஞானோபதேசம் சொல்ல எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு படித்தேன். அதற்குமேல் எங்கள் வீட்டில் பெண்பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு விடவில்லை. ஆகையால் கதைப் புத்தகங்களை நான் காதால்தான் படித்தேன். காதால் படித்தவளை ஏமாற்றுவது லேசு என்று நினைக்கிறவர்கள் நினைக்கட்டும். கண்ணால் படித்தவர்கள் நம்பியதை நான் நம்பவில்லை.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. மன்னார்த் தீவில், கடலை ஒட்டின எங்கள் ஊரில், மீன் காயப்போடுகிற வாடி ஒன்று இருந்தது. ஆண்கள் கடலால் வந்தால் படுத்துவிடுவார்கள். கீறி உப்பிட்ட மீனைக் காகத்துக்கும் நாய்க்கும் கொடாமல் காப்பதும், வெயில் ஏற ஏறப் புரட்டிப் போடுவதும் பெண்களின் வேலை. கைக்கு வேலை இருக்கும், காதுக்கு இருக்காது. அந்தக் காதுக்குத்தான் மாமியின் மகள் கதை வாசிப்பாள். மாமி என் அப்பாவின் தங்கை. எங்கள் பெண்களுக்குள் தட்டுத்தடங்கல் இல்லாமல் வாசிக்கக் கூடியவள் அந்த மச்சாள் ஒருத்திதான். அழ வேண்டிய இடம் வந்தால் குரலை இறக்கி இழுப்பாள். மீன் நாறுகிற இடத்தில் இருந்துகொண்டு எல்லோரும் மூக்கைச் சிந்துவார்கள்.

புத்தகங்களைக் கொண்டுவருகிறவர் எங்கள் தீவிலேயே இருக்கிற தாராபுரத்து முஸ்லிம் புடவை வியாபாரி. கப்பலேறி இந்தியக் கரைக்குப் போய்ச் சீத்தைத் துணி வாங்கி வருவார். துணி மூட்டைக்குள் இரண்டு மூன்று கதைப் புத்தகமும் இருக்கும். அடுத்தமுறை வரும்போது மூட்டையை அவிழ்க்குமுன் மச்சாளிடம் கேட்பார்:

"என்ன தங்கச்சி, இந்தக் கதையில எங்கட ஆள் என்ன செய்தவன்?"

"நஞ்சு வைச்சவன், நானா."

"போனமுறை கத்தி. இந்தமுறை நஞ்சு. முன்னேறித்தான் வாறான்" என்று சொல்லிக்கொண்டு துணியை விரிப்பார். அவருக்கும் தாடி இருந்தது. அந்தப் புத்தகங்களில் தாடி வைத்த அத்தர் வியாபாரி ஒருவர்கூட அத்தர் விற்று நான் கேட்கவில்லை.

எங்கள் ஆட்களுக்கும் சைவக்காரருக்கும் அதே கதிதான். உபதேசியார் என்றால் பூசைக்கு வைத்த முந்திரிகை ரசத்தைக் குடிப்பார். சாமியார் என்றால் மான்தோலுக்கடியில் களவெடுத்த நகை இருக்கும். எங்கள் ஊர் உபதேசியார் பிணம் புதைக்கிற சேமக்காலைக்குள் புகுந்த ஆட்டைத் துரத்துவதும், "விசுவசிக்கிறேன்" என்ற செபத்தைச் சொல்லத் தெரியாத பிள்ளையின் காதைப் பிடிப்பதுமாக இருந்தார். அப்படி ஒரு மனிதர் எந்தப் புத்தகத்திலும் வரவில்லை. எனக்கு அப்போதே ஐமிச்சம். இதை எழுதினவர் எந்தக் கோயில் வாசலில் நின்று பார்த்தவர் என்று மச்சாளிடம் கேட்டேன். கதைக்குள் கதைக்காதே என்றாள்.

பிறகு வந்தது கன்னியாஸ்திரி கதை. அதில் ஒரு பெண் ஒருவனை நம்பி, அவன் கைவிட்டதும் மடத்தில் போய்ச் சேருகிறாள். செபப் புத்தகத்துக்குள் அவன் படத்தை ஒளித்து வைத்துக்கொண்டு, ஜன்னலோரம் இருந்து அழுகிறாள். அதுதான் கதை. வாடியில் அன்றைக்குக் காகம் தின்ற மீன் கொஞ்சமல்ல.

அந்தக் கதை முடியுமுன்னே என் அக்கா வீட்டில் வாய் திறந்தாள். தான் கன்னியர் மடத்துக்குப் போகப் போவதாகச் சொன்னாள்.

எங்கள் பகுதியில் அதற்கு ஒரு முறை இருந்தது. மாமியின் மகனுக்கு அக்கா உரிமைப் பெண். அவளை வேறு இடத்தில் கொடுப்பதென்றாலும் சரி, கடவுளுக்கே கொடுப்பதென்றாலும் சரி, முதலில் மாமி வீட்டில் கேட்க வேண்டும். மாமி ஓம் என்று சொல்லாமல் அப்பா நகரமாட்டார். கோயில் சுவாமியும் அதைத்தான் சொன்னார். குடும்பத்துக்குள் மனத்தாங்கல் இல்லையென்று தெரிந்தால்தான் மடத்துக்குக் கடிதம் கொடுப்பாராம்.

அம்மா போய்க் கேட்டார். மாமி கோபிக்கவில்லை, அழவும் இல்லை. கோபித்திருந்தால் நல்லது. தலையைச் சரித்துக்கொண்டு, "ஆர் ஆள்?" என்று மட்டும் கேட்டாராம்.

அம்மாவுக்கு விளங்கவில்லை. மாமி விளக்கினார். காரணம் இல்லாமல் ஒரு குமர்ப்பிள்ளை மடத்துக்குப் போகமாட்டாள், எவனோ ஒருத்தன் இருக்கிறான், அவன் யாரென்று தெரியாமல் தான் ஓம் சொல்லப் போவதில்லை என்றார். தன் மகனை வேண்டாமென்று சொல்ல வேறு என்ன காரணம் இருக்கும் என்பதுதான் மாமியின் கேள்வி. மச்சானுக்கு ஒரு குறையும் இல்லைதான். அதை நானே சொல்லுவேன்.

அதற்குப் பிறகு வாடி முழுதும் அந்த ஆளைத் தேடினது. ஒருத்தி முருங்கனில் இருந்து நெல் ஏற்றி வந்த வண்டிக்காரனைச் சொன்னாள். இன்னொருத்தி அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்த ஒரு பெடியனைச் சொன்னாள். அவன் எங்கள் ஊர்ப் பக்கம் வந்ததே இல்லை. அக்கா கோயிலில் கூடநேரம் முழந்தாளில் இருந்தால் அதற்கும் கண் காட்டுவார்கள். முன்பும் அவள் அப்படித்தான் இருந்தவள். முன்பு அது பக்தி. இப்போது கவலை.

அக்கா ஒரு நாள் வாடிக்கு வந்தாள். மச்சாள் வாசிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, மீனைப் புரட்டியபடியே மாமியைக் கேட்டாள்.

"மாமி, இந்தக் கதையில அவள் எப்பவாவது செபம் சொன்னவளோ? உடுப்புத் தோய்ச்சவளோ? சோறு காய்ச்சினவளோ?"

மாமி மகளைப் பார்த்தார். மச்சாள் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஒருக்கா மெழுகுதிரி கொளுத்தினவள்."

"என்னத்துக்கு?"

"அவன்ர படத்தைப் பார்க்க."

பெண்கள் சிரித்தார்கள். மாமி சிரிக்கவில்லை. அப்போது அக்கா, பட்டினத்து மடத்துக்கு அம்மாவோடு மீன் கொண்டுபோன நாட்களில் தான் கண்டதைச் சொன்னாள். அங்கே பெண்கள் கிணறு இறைத்தார்கள், தாய்தகப்பன் இல்லாத பிள்ளைகளின் தலையில் பேன் பார்த்தார்கள், சண்டை பிடித்தார்கள், மணி அடித்ததும் சண்டையை விட்டுவிட்டுச் செபத்துக்குப் போனார்கள். அந்தப் போக்கு தனக்குப் பிடித்ததென்றாள். மாமி நம்பவில்லை. கிணறு இங்கேயும் இருக்கிறது, பேனும் இருக்கிறது என்றார்.

"அப்ப நீங்களே ஒருக்காப் போய்ப் பாருங்கோ" என்றாள் அக்கா.

வேவு பார்க்க வந்தவள் என்று தெரியக் கூடாது அல்லவா? ஆகையால் மாமி மீன் விற்கப் போகிறவளாகப் போனார். கடகம் தூக்க என்னைக் கூட்டிப் போனார். விளமீன். மேலே அன்று விடியப் பிடித்தது, அடியில் முதல்நாள் மிஞ்சினது. மீன் விற்கிறவர்களுக்கு அது பாவமென்று தெரியாது, பழக்கம்.

மடத்துக் குசினி வாசலுக்கு ஒரு கன்னியாஸ்திரி வந்தார். எங்களைப் போலக் கறுத்த, பலத்த பெண். மாமி அந்த முகத்தைத் துழாவித் துழாவிப் பார்த்தார். அழுத கண்ணா, ஒளித்து வைத்த சங்கதி ஏதும் தெரிகிறதா என்று. அந்த அம்மா மாமியைப் பார்க்கவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு கடகத்தின் அடிக்குக் கையை விட்டு, ஒரு மீனை இழுத்தெடுத்து, செவிளைத் திறந்து மாமியின் மூக்குக்குக் கிட்டப் பிடித்தார்.

"இதை நீங்கள் தின்னுவீங்களோ, அம்மா?"

மாமி விடியக்காலமை பிடித்ததென்று சத்தியம் பண்ணப் போனார். "மடத்து வாசலில சத்தியம் பண்ணாதேங்கோ. பிறகு பாவசங்கீர்த்தனத்துக்கும் நீங்கள்தான் போகவேணும்" என்று சொல்லி, அந்த அம்மா மேலே கிடந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார்.

 எங்கள் வீட்டு வாசலுக்கு வந்ததும் மாமி பழைய மீன் கடகத்தை இறக்கச் சொல்லிவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "அந்த மடத்துக்காரியை ஒருத்தனும் ஏமாத்தியிருக்கேலாது. அவளை ஏமாத்த ஆம்பிளை பிறக்கேல்ல." பிறகு, "மூத்தவளைக் கடவுளுக்குக் குடுங்கோ. இளையவளை எனக்குத் தாங்கோ" என்றார்.

என்னை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவசரப்படாமல் ஆறுதலாக ஓம் என்றிருப்பேன்.

ஆனால் மாமி மாமிதான். மூத்தவள் போனபிறகு இளையவளும் மடத்துக்கென்று கிளம்பினால் தன் மகன் என்ன செய்வான் என்று ஒரு ஐமிச்சம். ஆகவே என் கல்யாணத்துக்கு ஓலை கூறி முடியட்டும், அதன்பிறகுதான் அக்கா போகலாம் என்றார். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை கூறுவார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. ஒருவர் வாய் திறந்தால் போதும், என் கல்யாணமும் நிற்கும், அக்காவின் பயணமும் நிற்கும்.

முதல் ஓலைக்குப் பிறகே வாடியில் கதை மாறிவிட்டது. இப்போது அக்கா பாவம், கள்ளி நான். மச்சானில் கண்வைத்து அக்காவை மடத்துக்குத் தள்ளினவள் நானாம். எந்தப் புத்தகத்திலிருந்து எடுத்தார்களோ தெரியாது. அல்லது அந்தப் புத்தகத்தை எழுதினவர் இப்படி ஒரு வாடியிலிருந்துதான் எடுத்தாரோ என்றுகூட எனக்கு ஐமிச்சம் வந்தது.  ஒருத்திக்கும் மறுமொழி சொல்ல வேண்டிய கடமை எனக்கில்லை.

மூன்றாம் ஞாயிறு சுவாமி ஓலை கூறிவிட்டு நிறுத்தினார்.  என் பக்கத்தில் அக்கா செபமாலையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.  அந்த நேரம் பார்த்து மச்சாள் செருமினாள். முழுக்கோயிலும் அவளைத் திரும்பிப் பார்த்தது. மாமி மகளின் தொடையில் கிள்ளினதை நான் கண்டேன். மச்சாளுக்குச் சளித் தடிமன்தான். பிறகும் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். சுவாமி பூசையைத் தொடர்ந்தார்.

பூசை முடிந்ததும் மாமி தானே போய்ச் சுவாமியிடம் கடிதத்தை எழுதச் சொன்னார். அடுத்த நாள் அக்கா ஒரு சின்னப் பெட்டியோடு வண்டி ஏறினாள். அவள் அழுகிறாளா என்று பார்க்க வாடிப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வழியில் வந்து நின்றார்கள். அவள் அழவில்லை. பெட்டி சரியாமல் கட்டச் சொல்லி வண்டிக்காரனோடு வாக்குவாதப்பட்டுக்கொண்டு போனாள். அழுதது நான்தான். அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டுதான் அவர்கள் மீன் புரட்டப் போயிருப்பார்கள்.