ஒன்றேகால் விமானமும் ஓகாவாவின் ஸ்பானரும்

சென்ற ஒக்டோபரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை போன பயணம் இது. மொத்தம் எழுபது கிலோமீற்றர்கூட வராது. ஆனால் இப்படிப் பதறிக்கொண்டு நான் எங்கேயும் போனதில்லை. வயதானவர்களை விமானம் ஏற்றிவிடப் போகிறவர்கள் வாசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான் புரோசார்ட் என்ற ஊரில் வீடுவீடாகப் போய் முதியவர்களைப் பராமரிப்பவள். அவர்களில் ஒருவர் மிஸ்யூ ஓகாவா. எண்பத்தைந்து வயது, தனி ஆள். ஜப்பானில் அவருடைய தங்கை ஆஸ்பத்திரியில் கிடந்தார். இரண்டு மூன்று நாள்தான் என்று வைத்தியர் கைவிரித்துவிட்டார். பகல் 1.15 விமானத்தை விட்டால் அடுத்தது மறுநாள்தான்.

காலை 8.40க்கு என் வீடு இருக்கும் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் காரை எடுத்து, 37 கிலோமீற்றர் ஓடி, 9.25க்கு அவர் வாசலில் நின்றேன். கையில் ஒரு சின்னப் பை மட்டுமே வைத்திருந்தார்.

"பெட்டி இல்லையோ?"

"ஏத்திவிட்ட பெட்டியை நம்பேலாது. கையிலை தூக்கக்கூடியதுதான் எங்கட சொத்து" என்றார். நாங்கள் கதைப்பது பிரெஞ்சில்; இங்கே எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

வழியில் உள்ள ஆற்றுப் பாலத்துக்குச் சுங்கம் இல்லை, ஆனால் அன்று திருத்தவேலை. ஒரு மணிநேரம் ஊர்ந்தோம். நான் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரோ பழைய கதையை எடுத்தார்.

யுத்தத்தில் ஜப்பான் தோற்றபின், மஞ்சூரியாவில் இருந்த ஜப்பானியக் குடும்பங்களைக் கப்பலில் ஊருக்கு அனுப்பினார்களாம். தொழில் தெரிந்த பலரை மட்டும் அங்கத்தைய அதிகாரிகள் வேலைக்கென்று மறித்துக்கொண்டார்கள்.

"பதிய வந்தவனிட்டை அப்பா பெருமையா ரயில் எஞ்சின் பிட்டர் எண்டு சொல்லிப்போட்டார். பக்கத்து வீட்டுக்காரரும் பிட்டர்தான். அவர் கந்தோர்க் கிளாக்கர் எண்டு சொல்லிக் கப்பலேறிட்டார். தங்கச்சிக்கு அப்ப சுகமில்லை. அவளைச் சித்தியோடை அனுப்பிப்போட்டு நாங்கள் எட்டு வருசம் நிண்டம். தன்னை வேண்டாமெண்டு விட்டவை எண்டு இண்டைக்கும் நினைக்கிறாள்."

11.20க்கு விமான நிலையம். வாகனத் தரிப்பிடத்துக்கு 27 டொலர். சக்கர நாற்காலி கிடைத்து, அவர் பாதுகாப்புச் சோதனைக்குள் போனபோது 12.05. அப்பாடா என்று கோப்பி வாங்கப் போனேன். 12.20க்குப் பார்த்தால், அவரைத் திரும்பத் தள்ளிக்கொண்டு வருகிறான் ஒரு தமிழ்ப் பையன், அங்கே வேலை செய்பவன்.

"அக்கா, பையுக்குள்ளை ஒரு அடி நீள ஸ்பானர். ஆறு சென்ரிமீற்றருக்கு மேலை நீளமான கருவியைக் கொண்டுபோக விடேலாது. பெட்டி போடுற இடமும் பூட்டியாச்சு."

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் அல்ல, பையைத் திறந்து பார்க்காத என்மேல்.

அது அவருடைய அப்பாவின் ஸ்பானர். "இதாலைதான் எங்களை மறிச்சவங்கள், உன்னிலை பாசமில்லாததாலை உன்னை அனுப்பேல்லை" என்று தங்கையின் கையில் வைக்க ஆசைப்பட்டிருக்கிறார். தபாலில் அனுப்புகிறேன் என்று கெஞ்சினேன். மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். மணி 12.31.

பிறகு அதை என் கையில் வைத்தார். கனமாக இருந்தது.

"இந்த முறை இது நிக்கட்டும். நான் போறன்."

விமானம் ஏறிவிட்டார். உங்களுக்குச் சொல்வது இதுதான்: சர்வதேசப் பயணமென்றால் ஐந்து மணிநேரம் முன்னதாக வீட்டை விட்டுப் புறப்படுங்கள். பெட்டி போடுவது ஒரு மணிநேரம் முன்பே முடிந்துவிடும். முதியவரின் கைப்பையை வீட்டிலேயே, அவரிடம் கேட்டு, ஒருமுறை திறந்து பாருங்கள்.

செவ்வாய்க்கிழமை தொலைபேசியில் அழைத்தார். ஸ்பானரை அன்றைக்கே அனுப்பவா என்று கேட்டேன்.

"அவசரமில்லை. வெறுங்கையோடை வந்தது நல்லதாப் போச்சு. தங்கச்சி என்ரை ரெண்டு கையையும் பிடிச்சவள், இன்னும் விடேல்லை."