கன்னத்துக்கு ஒரு எண்

எனக்கு வாய்க்கொழுப்பு ஜாஸ்தி என்று சின்ன வயதிலிருந்தே அக்கா சொல்வாள். கோயம்புத்தூரில் இருந்தவரை அதற்காகத் திட்டு வாங்கினேன். புனே வந்தபிறகு திட்ட ஆளில்லை. நான் தமிழில் சொல்வது இங்கே யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியம்தான்.

இங்கே கோந்த்வா பகுதியில் ஒரு தோல் கிளினிக்கில் முகம் அளப்பது என் வேலை. முகத்தைக் கழுவித் துடைத்து, கால்மணி நேரம் உட்காரவைத்து, பிறகு மெஷினின் தாங்கியில் தாடையை வைக்கச் சொல்வேன். பக்கவாட்டில் விளக்கு எரியும். கன்னத்தில் உள்ள ஒவ்வொரு பள்ளத்திலும் நிழல் விழும். அந்த நிழல்களையெல்லாம் கணக்குப் பண்ணி மெஷின் ஒரு எண் சொல்லும். பள்ளம் ஆழமென்றால் எண்ணும் பெரிது. படம் எடுக்கும்போது கண்ணை மூடி அசையாமல் இருக்க வேண்டும். கொஞ்சம் அசைந்தாலும் மறுபடி முதலிலிருந்து எடுக்கணும்.

போன மழைக்காலத்தில் டாக்டர் புதுக் கருவி ஒன்று வாங்கினார். பருத்தழும்பு ஆழமாக உள்ள சிலருக்கு அதில் இலவசமாகச் சிகிச்சை செய்து பார்ப்பதாக ஏற்பாடு. எண் நாற்பதைத் தாண்டினால் இடம் உண்டு, தாண்டாவிட்டால் இல்லை.

ஏரவாடாவிலிருந்து ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். நகைக்கடைக் கவுண்டரில் நின்றவளை, முகம் சரியில்லை என்று பின்கட்டில் பெட்டி அடுக்க அனுப்பிவிட்டார்களாம். சரியானால் திரும்பக் கவுண்டரில் நிற்கலாம் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். இந்த இடம் கிடைக்காவிட்டால் தனக்கு வேறு வழியில்லை என்றாள். எல்லாம் மராட்டியில். படிவத்தையும் மராட்டியில்தான் நிரப்பினாள்.

அவள் கண்ணை மூடியதும் அக்காவின் போன் வந்தது. காதில் மாட்டியிருந்த இயர்போனிலேயே எடுத்தேன். என்னடி பண்ணற என்றாள்.

"அதையேன் கேக்கற போ. ஒரு மூஞ்சி வந்துருக்குது பாரு, அதுக்கு மழை பேஞ்ச கோந்த்வா ரோடே தேவலாம்."

அக்கா சிரித்தாள். அவள் சிரித்த உற்சாகத்தில் இன்னும் இரண்டு சொன்னேன். அவற்றை எழுத எனக்குக் கை வரவில்லை.

அந்தப் பெண் அசையவே இல்லை. எடுத்த மூன்று படமும் முதல் தடவையே தெளிவாக விழுந்தன. நான் போனை வைத்தபிறகு, தாங்கியிலிருந்து தாடையை எடுக்காமல், கண்ணைத் திறக்காமல் கேட்டாள்.

"இப்ப அசையலாமாக்கா?"

என் முகத்தில் ஈயாடவில்லை. தமிழா என்று கேட்டேன், அதையும் ஹிந்தியில் கேட்டேன். வீட்டில் தமிழ்தான், அப்பா காலத்திலேயே இங்கு வந்துவிட்டோம் என்றாள். அவள் என்னை நன்றாக நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எழுந்து வந்து என் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்தாள்.

"எனக்கு எடம் கெடைக்கும்லக்கா? நீங்க சொன்ன அளவுக்கு மோசம்னா கெடைச்சுடும்ல?"

குத்திக்காட்டுகிறாளோ என்று பார்த்தேன். இல்லை. நிஜமாகவே ஆசையோடுதான் கேட்டாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

திரையில் முப்பத்தாறு என்று இருந்தது. மறுபடி உட்காரவைத்து எடுத்தேன். முப்பத்தைந்து. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு முகம் இன்னும் கொஞ்சம் மோசமாக இருக்கக்கூடாதா என்று ஏங்கினேன். தப்பாகப் பேசிவிட்டேன், மன்னித்துக்கொள் என்று தமிழில் சொல்ல வேண்டும். அத்தனை பேசிய வாய் அதற்கு மட்டும் திறக்கவில்லை. எண் குறைவாக இருக்கிறது, தழும்பு அவ்வளவு ஆழமில்லை, இடம் கிடைக்காது என்று ஹிந்தியில் சொல்லி முடித்தேன்.

துப்பட்டாவால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டே அவள் கேட்டாள்.

"அப்ப ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?"

நான் எழுந்து போய்க் கதவைத் திறந்து, அடுத்தவரை உள்ளே வரும்படி மராட்டியில் குரல் கொடுத்தேன்.